குருவிக்கு எந்தத் தட்டு?
தீனித்தட்டு வாங்குவது சுலபம். வருவது எந்தப் பறவை, அதைக் கழுவுவது யார் என்பதுதான் கேள்வி

திருப்பதியிலும் சித்தூரிலும் புதிதாக வீடு கட்டுகிறவர்கள் மதிற்சுவர் ஓரமாக நாலு செடி வைக்கத் தவறுவதில்லை. செடி தழைத்ததும் அடுத்த ஆசை, பறவை. அதற்கும் கடையில் சாமான் இருக்கிறது: பிளாஸ்டிக் குழாய், கூரை போட்ட மரத்தட்டு, சர்க்கரைத் தண்ணீர் ஊற்றும் சிவப்புப் புட்டி. வாங்கும் முன் ஒரு கேள்வி. இதில் யார் வந்து சாப்பிடப் போகிறார்கள்?

சிவப்புப் புட்டி ஹம்மிங் பறவைக்காகச் செய்யப்பட்டது. அமெரிக்கக் கண்டங்களைத் தவிர வேறெங்கும் அந்தப் பறவை கிடையாது. நம் ஊர் தேன்சிட்டுக்கு ஒரு செம்பருத்தியும் இட்லிப்பூச் செடியும் போதும். தேனோடு சேர்த்துச் செடியிலுள்ள சிறு பூச்சிகளையும் அது பிடித்துக்கொள்ளும்.

அகலத் தட்டில் தானியத்தைக் கொட்டினால் முதலில் இறங்குவது மாடப்புறா. கூட்டம் சேர்ந்துவிட்டால் சிட்டுக்குருவிக்கு இடமில்லை. புறா எச்சம் காய்ந்து தூசியாகி மூச்சில் கலந்தால், சிலருக்கு நுரையீரல் அழற்சி வரும். இந்தக் காரணத்தைச் சொல்லித்தான் மும்பை மாநகராட்சி 2025-ல் தாதர் புறாத் தீனிக்கூடத்தைத் தார்ப்பாய் போட்டு மூடியது; ஊரே இரண்டுபட்டது.

ஆபத்து மனிதருக்கு மட்டுமல்ல. தோட்டத்துப் பறவைகளுக்குத் தீனி வைப்பதைப் பெரும் பொழுதுபோக்காகக் கொண்ட நாடு பிரிட்டன். அங்கே 2005 வாக்கில் தொண்டையை அடைக்கும் ஓர் ஒட்டுண்ணி நோய் கிரீன்ஃபிஞ்ச் என்ற சிறு பறவையைத் தாக்கியது. நோயுற்ற பறவை கக்கிய தானியத்தை மற்றவை கொத்தின. ஒரே தண்ணீரைக் குடித்தன. 2021-ல் கிரீன்ஃபிஞ்ச் அந்நாட்டின் அபாயச் சிவப்புப் பட்டியலில் இடம்பெற்றது. நாட்டின் பெரிய பறவைப் பாதுகாப்புச் சங்கமே 2025-ல் தட்டையான தீனித்தட்டுகளின் விற்பனையை நிறுத்தி வைத்தது. அன்போடு வைத்த தட்டு கொன்றும் விடலாம்.

அப்படியானால் எதை வாங்குவது? விடை ஆந்திரக் கிராமங்களிலேயே தொங்குகிறது. அறுவடை முடிந்ததும் நெற்கதிர்களைச் சடைபோலப் பின்னி வீட்டு வாசலிலும் கோவில் மண்டபத்திலும் கட்டுவது அங்கே பழைய வழக்கம். சிட்டுக்குருவியும் சில்லையும் கதிரைப் பற்றிக்கொண்டு கொத்தும். கனத்த புறாவால் தொற்ற முடியாது. தானியம் எச்சத்தில் கிடந்து ஊறுவதில்லை. கழுவ வேண்டிய வேலையும் இல்லை. தீர்ந்ததும் எறிந்துவிட்டு வேறு கட்டலாம். நெல் கிடைக்காவிட்டால் கம்பு, தினைக் கதிர்கள். மழையில் நனைந்து பூசணம் பிடித்த கதிரை மட்டும் உடனே எடுத்துவிட வேண்டும்.

ஆனால் கதிர் கட்டியதோடு குருவியைக் காப்பாற்றிவிட்டதாக நினைப்பது தவறு. நாடு முழுவதையும் பார்த்தால் சிட்டுக்குருவியின் எண்ணிக்கை ஏறக்குறைய நிலையாக இருக்கிறது, பெருநகரங்களில்தான் குறைந்திருக்கிறது என்று 2020-ல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை சொன்னது. குருவிக் குஞ்சு முதல் நாட்களில் தானியம் தின்று வளர்வதில்லை; அதற்குப் புழுவும் பூச்சியும் வேண்டும். ஒரு கையால் கதிரைக் கட்டி, மறு கையால் செடிக்குப் பூச்சிமருந்து அடித்தால் என்ன பயன்?

இதற்குப் பாடம் பக்கத்திலேயே இருக்கிறது. பழைய சித்தூர் மாவட்டத்தில், மதனப்பள்ளி அருகே, ஜே.கிருஷ்ணமூர்த்தி தொடங்கிய ரிஷிவேலி பள்ளி. வறண்ட, மொட்டைப் பாறைக் குன்றுகள் சூழ்ந்த பள்ளத்தாக்கு அது. பல ஆண்டுகள் மரம் நட்டார்கள், மழைநீரைத் தேக்கினார்கள். பறவைகள் தாமாக வந்தன. 1991-ல் அது பறவைகள் காப்பிடமாக அறிவிக்கப்பட்டது. அங்குள்ள பறவையியல் நிலையம் தபால் வழியாகவே பறவைப் பாடம் நடத்தியது. தென்னிந்தியாவின் பாறைக் குன்றுகளில் மட்டுமே வாழும், அழிவு அபாயத்திலுள்ள மஞ்சள்தொண்டைச் சின்னானும் அங்கே உண்டு. திருமலை மலைகளிலும் உண்டு. அது எந்தத் தட்டுக்கும் வராது. அதற்கு வேண்டியது புதர்க்காட்டின் பழம்.

வீட்டுத் தோட்டத்துக்கும் அதே கணக்குதான். மருந்தடிக்காத ஒரு கொய்யா, ஒரு கறிவேப்பிலை, கொஞ்சம் புதர் இருந்தால் சின்னானும் தையல்சிட்டும் வரும். வெயில் 40 டிகிரியைத் தாண்டும் மே மாதத்தில் தானியத்தைவிடத் தண்ணீர் பெரிது. இரண்டு அங்குல ஆழமுள்ள மண் சட்டி போதும். சொரசொரப்பான விளிம்பில் கால் வழுக்காது. பூனை பதுங்க முடியாத திறந்த இடத்தில், மர நிழலில் வைக்க வேண்டும். தினமும் தேய்த்துக் கழுவித் தண்ணீர் மாற்ற வேண்டும். தேங்கினால் கொசு முட்டையிடும்.

தட்டுதான் வேண்டும் என்பவர்கள் சிறியதாக, பிரித்துக் கழுவக்கூடியதாக வாங்கலாம். மாலைக்குள் தீரும் அளவு கேழ்வரகோ கம்போ போட்டால் போதும். மிச்சம் சிந்தினால் எலி வரும், எலியைத் தேடிப் பாம்பும் வரும். உப்பும் எண்ணெயும் சேர்ந்த மிச்சச் சாப்பாடு கூடாது. வாரம் ஒரு முறை கழுவி வெயிலில் காய வைக்க வேண்டும். உடம்பை உப்பிக்கொண்டு, விழுங்க முடியாமல் உட்கார்ந்திருக்கும் பறவை கண்ணில் பட்டால், இரண்டு வாரமாவது தீனியை நிறுத்திவிட வேண்டும்.

ஊருக்குப் போகிறவர்கள் கதவைப் பூட்டும் முன் செய்ய வேண்டியது இன்னும் ஒன்று: தட்டையும் சட்டியையும் காலி செய்து கவிழ்த்துவிட்டுப் போவது. கொய்யா மரம் பார்த்துக்கொள்ளும்.