வந்தியத்தேவன் ரூட்டில் ஒரு சைக்கிள் சவாரி!

'பொன்னியின் செல்வன்' தொடக்கத்தில் வந்தியத்தேவன் குதிரையில் வருவானே, அந்த வீராணம் ஏரிக்கரைதான் இந்த வார ரூட். நீளம் சுமார் 16 கி.மீ. லால்பேட்டையிலிருந்து சேத்தியாத்தோப்பு பக்கம் மிதித்தால் இடப்பக்கம் ஏரி, வலப்பக்கம் தாழ்வாக நெல்வயல்.

பஸ்ஸில் போனால் தண்ணீர் மட்டும்தான் தெரியும். சைக்கிள் என்றால் மதகுக்கு மதகு காலை ஊன்றி நிற்கலாம். கொள்ளிடம் கீழணையில் பிரிந்து, வடவாற்றில் வந்து, இங்கே தேங்கும் நீர்தான் வயலுக்கு இறங்குகிறது. 2004 முதல் சென்னைக்குக் குடிநீராகவும் போகிறது.

ஒரே குறை, சைக்கிளுக்குத் தனிப் பாதை இல்லை. பஸ், லாரி எல்லாம் இதே சாலையில்தான். விடியற்காலையில் கிளம்பி, வெயில் ஏறும் முன் முடித்துவிடுங்கள். ஓரமாக நாலடி ஒதுக்கிக் கொடுத்தால், குழந்தைகளையும் பயமில்லாமல் கூட்டிப் போகலாமே!