இலை கொட்டுமாம், அதனால் வேப்பமரத்தை வெட்டணுமாம்!

அகமதாபாத் வந்து பன்னிரண்டு வருஷம் ஆச்சு. வாடகை வீடு மாறி மாறி அலுத்துப்போய், ஊரின் மேற்கு ஓரத்தில் ஒரு ரோ ஹவுஸ் புக் பண்ணியிருக்கோம். மொத்தம் 42 வீடு. போன ஞாயிற்றுக்கிழமை லேண்ட்ஸ்கேப் பிளானைக் காட்டப் பில்டர் ஆபீசுக்கு எல்லாரையும் கூப்பிட்டிருந்தாங்க. டீயும் டோக்ளாவும் நல்லாத்தான் இருந்தது. பிளான்தான் தொண்டையில் இறங்கலை.

சுற்றுச்சுவர் நெடுக கோனோகார்பஸ். நடுவில் பத்தாயிரம் சதுர அடிக்குப் புல்தரை. பழைய வரைபடத்தில் மழைநீர்க் கிணறு இருந்த மூலையில் இப்போ நீரூற்று. மனையில் ஏற்கெனவே நிற்கிற ரெண்டு வேப்பமரத்து மேல சிவப்பு மையில் பெருக்கல் குறி! ஏன்னு கேட்டா, "இலை கொட்டும் சார், கார் அழுக்காயிடும்."

இது எந்த ஊர்? 2010 மே மாத வெயிலில் 1,300 பேருக்கு மேல் கூடுதலாகச் செத்த ஊர். அதுக்கப்புறம்தான் 2013-ல் வெப்பத்தைச் சமாளிக்கத் தனித் திட்டமே போட்டாங்க. 2016 மே 20 அன்னிக்கு 48 டிகிரி. இங்கே நிழலை வெட்டிட்டுப் புல் வளர்க்கிறாங்களாம்.

கணக்கு போடுங்க. பத்தாயிரம் சதுர அடின்னா ஏறக்குறைய 930 சதுர மீட்டர். கோடையில் நாளைக்கு 5 மில்லிமீட்டர் தண்ணி விட்டாலே 4,650 லிட்டர். பில்டர் போனப்புறம் அந்த டேங்கர் காசு யார் தலையில்? நம்ம மெயின்டனன்ஸ் பில்லில்தான்.

கோனோகார்பஸ் வேகமா வளரும், வெயில் தாங்கும், சாவி கொடுக்கிற அன்னிக்குப் பச்சைச் சுவர் மாதிரி நிக்கும். உண்மைதான். ஆனா வேர் சாக்கடைக் குழாயைப் பிளக்குது, மகரந்தம் சளி, இருமல், ஆஸ்துமா கொடுக்குதுன்னு சொல்லி 2023 செப்டம்பரிலேயே குஜராத் வனத்துறை இதை நடக்கூடாதுன்னு உத்தரவு போட்டாச்சு. நம்ம தமிழ்நாடும் 2025-ல் தடை பண்ணிடுச்சு. என் சின்னவளுக்கு வீசிங் இருக்கு. இதை நான் அழகுப் பிரச்சினையாப் பார்க்க முடியாது.

கடைசியில் வருகைப் பதிவுன்னு ஒரு தாளை நீட்டினாங்க. படிச்சுப் பார்த்தா சம்மதக் கடிதம்! பதினொரு பேர் அதுக்குள்ள கையெழுத்துப் போட்டாச்சு. 2016-ஆம் வருஷத்து ரேரா சட்டத்தின் 14-ஆம் பிரிவு என்ன சொல்லுது? அனுமதி வாங்கின வரைபடத்தையும் பொது இடங்களையும் மாற்றணும்னா, வாங்கினவங்களில் மூணில் ரெண்டு பங்குப் பேர் எழுத்தில் சம்மதிக்கணும். எங்க கணக்கில் 28 பேர். அதுக்குத்தான் இந்த டோக்ளா.

நான் போடலைன்னுட்டேன். ஊருக்குப் போன் பண்ணினா அப்பா, "பிழைக்கப் போன இடத்துல உனக்கெதுக்குடா வம்பு?"ங்கிறார். தங்கமணியும் அதே கட்சி. இந்தப் புத்திதான் நம்மைக் கெடுக்குது. இருபது வருஷக் கடன் கட்டுறப்போ நாம இந்த ஊர்க்காரங்க, கேள்வி கேட்கிறப்போ மட்டும் வெளியூர்க்காரங்களா?

எனக்குத் துணையா வாயைத் திறந்தது நாலாம் நம்பர் வீட்டுப் பாட்டி ஒருத்தர்தான். பழைய நகரத்துப் போள் வீட்டில் வளர்ந்தவர். அங்கே முற்றத்துக்கு அடியில் டாங்கான்னு நிலத்தடித் தொட்டி கட்டி, மழைத் தண்ணியைச் சேர்த்து வருஷம் முழுக்கக் குடிச்சாங்களாம். "நூறு வருஷம் முன்னாடி தெரிஞ்சது உங்க கம்ப்யூட்டருக்குத் தெரியலையா?"ன்னு அவர் குஜராத்தியில் கேட்டதும் கூட்டம் கப்சிப்.

இப்போ நாங்க எழுதிக் கொடுத்திருக்கிறது நாலே நாலு. வேப்பமரம் நிற்கணும். மழைநீர்க் கிணறு திரும்ப வரணும். புல்தரை அஞ்சில் ஒரு பங்கு போதும், மிச்ச இடத்தில் புங்கமும் வேம்பும். வேலிக்கு மருதாணி. இதுவரை 17 கையெழுத்து. இந்தப் பதினேழு பேரும் உறுதியா நின்னாலே இந்தச் சம்மதம் 28-ஐத் தொடாது. முன்னாடி போட்டவங்களில் சிலரும் வாபஸ் வாங்கறேன்னு சொல்லியிருக்காங்க.

புனேவோ நொய்டாவோ, நீங்க வீடு வாங்கியிருந்தா கிச்சன் டைல்ஸ் பார்க்கிற கண்ணால அந்தப் பச்சை வரைபடத்தையும் ஒரு தரம் பாருங்க. டீ கொடுத்தா குடிங்க. தாள் கொடுத்தா படிங்க.