விசுவாசம் சம்பளத்தோடு வருமா?

இரண்டாம் உலகப் போரில் வெள்ளையர் அரசின் விமானப்படையில் சேர்ந்த இந்தியர்களைப் பற்றி இன்றும் இரு விதமான பேச்சு உண்டு. தலைவர்கள் சிறையில் கிடந்த வேளையில் இவர்கள் அந்நியனுக்குச் சேவகம் செய்தார்கள் என்பார் ஒரு சாரார். சக்கரவர்த்திக்கு உண்மையாக உழைத்த வீரர்கள் என்பார் மற்றொரு சாரார். விசுவாசத்தை எதிர்பார்த்த அந்த அரசு பதிலுக்கு என்ன கொடுத்தது என்று இருவருமே கேட்பதில்லை.

முதல் உலகப் போரிலேயே இந்தக் கதை தொடங்கிவிட்டது. ஆக்ஸ்ஃபோர்டில் படித்த ஹர்தித் சிங் மாலிக் படையில் சேர முயன்றபோது கதவு திறக்கவில்லை. பிரெஞ்சு செஞ்சிலுவைச் சங்கத்தில் ஆம்புலன்ஸ் ஓட்டினார். ஆங்கிலேய ஆசிரியர் ஒருவர் சிபாரிசுக் கடிதம் எழுதிய பிறகே, 1917-ல், விமானப்படையில் இடம் கிடைத்தது. கல்கத்தாவில் பிறந்த இந்திர லால் ராய், 1918 ஜூலையில் இரண்டே வாரத்துக்குள் 10 எதிரி விமானங்களை வீழ்த்தியதாகக் கணக்கு. அதே மாதம் 22-ஆம் தேதி வானிலேயே மாண்டார். அப்போது அவருக்கு வயது 19.

இத்தனை விசுவாசத்துக்குப் பரிசு என்ன? 1919-ல் ஜாலியன்வாலா பாக். இந்தியாவுக்கென ஒரு விமானப்படை அமைய 1932 அக்டோபர் 8 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. பிரிட்டிஷ் விமானப்படையிலோ, தூய ஐரோப்பிய வம்சத்தவருக்கே அதிகாரிப் பதவி என்ற விதி 1939 அக்டோபர் வரை நீடித்தது. அதையும் தளர்த்தியது போரின் நெருக்கடிதான். மனமாற்றம் என்று சொல்வதற்கில்லை.

1939 செப்டம்பரில் இந்தியாவும் போரில் இறங்கிவிட்டதாக வைஸ்ராய் லின்லித்கோ அறிவித்தார். மக்கள் பிரதிநிதிகளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. சென்னையில் ராஜாஜியின் மந்திரிசபை உள்படக் காங்கிரஸ் மந்திரிசபைகள் ராஜினாமாச் செய்தன. ஆனால் யுத்த நிதி வசூல் மட்டும் நிற்கவில்லை. பிரிட்டிஷ் விமானப்படையின் 79, 234, 264 ஆகிய எண்களுள்ள ஸ்குவாட்ரன்கள் 'மெட்ராஸ் பிரசிடென்சி' என்ற பெயரைத் தாங்கிப் பறந்தன. சென்னை மாகாணத்தவனின் பணத்தை வாங்கும்போது மட்டும் அவனுடைய வம்சத்தை எவரும் விசாரித்ததில்லை!

போர் தொடங்கியபோது இந்திய விமானப்படையில் இருந்தவர்கள் 16 அதிகாரிகளும் 144 வீரர்களுமே. போர் முடியும் தறுவாயில் அது சுமார் 28,500 பேர் கொண்ட படையாக வளர்ந்திருந்தது. விமானம் ஓட்டியவர்கள் அதில் ஒரு சிறு பகுதி. ஃபிட்டர், வயர்லெஸ் ஆபரேட்டர், ஸ்டோர் குமாஸ்தா என்று தரையில் உழைத்தவர்களே ஏராளம். மாதச் சம்பளம், ஒரு கைத்தொழில், வீட்டுக்கு ஒரு மணியார்டர் என்ற எண்ணத்தோடு வந்தவர்கள் அவர்களில் நிறையப் பேர். வேலையைக் குறைவறச் செய்தார்கள். ஜப்பானியர் இம்பால் வரை வந்த 1944-ல் அந்தப் படை காத்தது நம் எல்லையைத்தான்.

1945-ல் அப்படைக்கு 'ராயல்' பட்டம் சூட்டினார்கள். ஓராண்டு முடிவதற்குள், 1946 பிப்ரவரி 18-ஆம் தேதி, பம்பாய் கொலாபாவிலிருந்த 'தல்வார்' நிலையத்தில் கடற்படை மாலுமிகள் கிளர்ந்தெழுந்தார்கள். மட்டமான சாப்பாடு, குறைந்த சம்பளம், நிறத்தைச் சொல்லி ஏசிய மேலதிகாரிகள் – இவையே காரணங்கள். அவர்களுக்கு ஆதரவாகப் பம்பாயில் விமானப்படை வீரர்களும் வேலைநிறுத்தம் செய்தார்கள். பட்டம் கொடுத்தால் மனமும் கூடவே வந்துவிடும் என்று எண்ணியவர்களுக்கு இதைவிடத் தெளிவான பதில் வேறென்ன வேண்டும்?

அந்தப் படையில் பழகியவர்களே பிறகு சுதந்திர இந்தியாவின் வான்படையை உருவாக்கினார்கள். இந்திர லால் ராயின் மருமகனான சுப்ரதோ முகர்ஜி 1954-ல் அதன் முதல் இந்தியத் தளபதியானார். இம்பாலில் விருது பெற்ற அர்ஜன் சிங் 1965 போரில் அதை நடத்தினார். அவர்களைத் துரோகிகள் என்பது எவ்வளவு தவறோ, சாம்ராஜ்யத்தின் பிள்ளைகள் என்பதும் அவ்வளவு தவறு.

ஊரை விட்டு வந்து மும்பையில் ஆபீசிலும் மில்லிலும் உழைத்த தமிழருக்கு இது விளங்காத விஷயமல்ல. "நீ யார் பக்கம்?" என்ற கேள்வியை அவர்களும் கேட்டிருக்கிறார்கள். கூலிக்கு உழைப்பு கிடைக்கும். விசுவாசம் வேண்டுமென்றால், சமமாக நடத்தும் மனம் முதலில் வேண்டும். பிரிட்டிஷ் அரசு அந்தப் பாடத்தைப் படிக்கத் தவறியது. இன்று ஆட்களை வேலைக்கு வைத்திருப்பவர்கள் எவராயினும் அதே தவறைச் செய்யாதிருப்பது நல்லது.