இரண்டில் ஒன்றும் மூன்றில் ஒன்றும்

கல்விக் கருவிகளுக்கென்றே ஒரு சந்தை கூடுகிறது என்றால் நம் வாசகர்களுள் சிலர் வியக்கக்கூடும். நோட்டுப் புத்தகமும் ஜியோமெட்ரி பெட்டியும் விற்கும் கடைவீதியை எண்ணிவிட வேண்டாம். இலண்டன் மாநகரின் கீழ்ப்புறத்தில், பழைய கப்பல் துறையை ஒட்டி எழுந்துள்ள எக்செல் என்னும் பெருங்கூடத்தில் ஆண்டுதோறும் ஜனவரியில் மூன்று நாள்கள் நிகழும் ‘பெட்’ கண்காட்சியையே குறிப்பிடுகிறேன். 1985-இல் தொடங்கிய அக்கண்காட்சிக்கு 2025-இல் நாற்பதாண்டு நிறைவுற்றது. அவ்வமயம் என் தங்கை மகளின் இல்லத்தில் தங்கியிருந்தமையால் அதனைக் காணும் வாய்ப்பு எனக்குக் கிட்டிற்று. அவள் அங்கே தொடக்கப்பள்ளி ஆசிரியை. பள்ளியில் ஒதுக்கியுள்ள பணத்திற்கு எதனை வாங்கலாம் என்று பார்த்து வந்து எழுதித் தருமாறு தலைமையாசிரியர் அவளை அனுப்பியிருந்தார். “மாமா, நீங்களும் வாருங்கள். முப்பத்தோராண்டு கணக்குப் பாடம் நடத்திய அனுபவம் எனக்குத் துணையாக இருக்கட்டும்” என்றாள்.

உள்ளே நுழைந்ததும் கண்ணுக்கும் காதுக்கும் ஓய்வில்லை. சுவரளவு தொடுதிரைகள், முகத்தில் அணிந்துகொண்டால் எரிமலையின் வாய்க்கே கொண்டுபோய் நிறுத்தும் கண்ணாடிகள், தரையில் ஊர்ந்து திரியும் பொம்மை எந்திரங்கள்! அக்கண்ணாடியை நானும் அணிந்து பார்த்தேன், தலை சுற்றியது, அதைப் பற்றி அவ்வளவே. ஆயினும் எத்திசை திரும்பினும் காதில் விழுந்த சொல் செயற்கை நுண்ணறிவு என்பதே. பாடக் குறிப்பு எழுதித் தரும், வினாத்தாள் ஆக்கித் தரும், கட்டுரை திருத்தித் தரும் என்றனர்.

ஓர் அரங்கில் நின்ற இளைஞர், மாணவர் எழுதிய கணக்கைப் படம் பிடித்து நொடியில் திருத்தும் ஏற்பாட்டைக் காட்டினார். தாள் ஒன்றை வாங்கி, நடுங்கும் கையால் 1/2 + 1/3 = 2/5 என்று எழுதிக் கொடுத்தேன். கண் இமைக்கும் நேரத்தில், விடை 5/6 என்று திருத்தியதோடு, பகுதிகளைச் சமமாக்கும் முறையையும் படிப்படியாக விளக்கிவிட்டது. மெய்யாகவே வியந்தேன். நாற்பது நோட்டுகளை நள்ளிரவுவரை திருத்திய ஆசிரியர் எவரும் வியக்கவே செய்வர். எனினும் ஒன்று கேட்டேன்: “இவ்வாறு ஏன் எழுதினாய் என்று இது பிள்ளையைக் கேட்குமா?” இளைஞர் சற்றே தயங்கி, “அடுத்த பதிப்பில் வரக்கூடும், ஐயா” என்றார்.

நான் அவ்வாறு கேட்டதற்குக் காரணம் உண்டு. இப்பிழையை என் பணிக்காலம் முழுவதும் கண்டவன் நான். மேலுள்ள எண்ணை மேலுள்ளதோடும் கீழுள்ளதைக் கீழுள்ளதோடும் கூட்டிவிடுவர். ‘மக்கு’ என்று தலையில் குட்டிய காலமும் உண்டு, ஒளிப்பானேன்? ஒருநாள் ஒரு சிறுமியிடம் காரணம் கேட்டேன். “நேற்று இரண்டு கேள்வியில் ஒன்று சரி. இன்று மூன்று கேள்வியில் ஒன்று சரி. மொத்தம் ஐந்தில் இரண்டுதானே, சார்?” என்றாள். அவள் கூறியது சரியே! மதிப்பெண்களை நாம் அப்படித்தான் சேர்க்கிறோம். ஒரே அளவான தோசையில் பாதியையும் மூன்றில் ஒரு பங்கையும் சேர்ப்பது வேறு கணக்கு என்று அன்றுதான் வகுப்பு முழுவதற்கும் விளங்கிற்று. விடையை மட்டும் திருத்தியிருந்தால் அவள் அதனை மனப்பாடம் செய்திருப்பாள்; ஐயம் உள்ளேயே தங்கியிருக்கும்.

கருவிகளைக் கண்டு மயங்குவது புதிதன்று. திரைப்படம் வந்துவிட்டமையால் பள்ளிகளில் நூல்களுக்கு விரைவில் வேலையிராது என்று தாமஸ் எடிசன் 1913-இலேயே கூறினார். இலண்டனில் நிகழ்ந்ததைக் கேளுங்கள். 2003-04-இல் அந்நகர உயர்நிலைப் பள்ளிகளில் தொடுபலகைகளை அமைக்க அரசு பொருளுதவி செய்தது. 2007-இல் இலண்டன் கல்வியியல் நிறுவனத்தார் வெளியிட்ட ஆய்வறிக்கை, முதலாண்டில் மாணவரின் தேர்ச்சியில் அதனால் உயர்வு காணப்படவில்லை என்றது. பிள்ளைகள் ஒருவர்பின் ஒருவராகப் பலகையருகே வந்து சென்றதில் சில வகுப்புகளில் பாடம் தாமதப்பட்டதும் உண்டாம். பிரிட்டனில் கல்விக் கருவி நிறுவனங்களுள் 100-க்கு 7 மட்டுமே, பிள்ளைகளைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கித் தம் பொருளின் பயனை ஒப்பிட்டுச் சோதித்திருந்தன என்று 2023-ஆம் ஆண்டின் யுனெஸ்கோ அறிக்கை கூறுகிறது. மருந்தாயின் நாம் இதற்கு ஒப்புவோமா?

பிறரைக் குறைகூற எனக்குத் தகுதியில்லை. 1987-இல் ஒரு கண்காட்சியில் பார்த்து மயங்கி, எங்கள் பள்ளிக்குப் படம் காட்டும் புரொஜெக்டர் வாங்க முடிவு செய்தவன் நானே. பீடி சுற்றும் தாய்மார் வீட்டுக்குப் பத்து ரூபாய் வீதம் கொடுத்தனர். நான்கு படங்கள் காட்டினோம். பின்னர் பல்பு போயிற்று. மாற்றுப் பல்பு அருகில் எங்கும் அகப்படவில்லை. சென்னையிலிருந்து வரவழைக்கப் பள்ளியில் பணமில்லை. பணம் தந்த தாய் ஒருவர் சாலையில் என்னை நிறுத்தி, “இனி எப்போது சார் படம் காட்டுவீர்கள்?” என்றார். “சீக்கிரம் அம்மா” என்றேன். ஓய்வுபெற்ற நாளில் அலமாரிச் சாவியை ஒப்படைத்தபோது, அக்கருவி உள்ளேயே இருந்தது.

இதனைத் தேநீர் அருந்துகையில் தங்கை மகளிடம் சொன்னேன். சிரிப்பாள் என எண்ணினேன். அவளோ குறிப்பேட்டை எடுத்து எழுதலானாள். அதன்பின் ஒவ்வோர் அரங்கிலும், பழுதானால் திருத்துபவர் யார், எத்தனை நாளில், ஆசிரியைகளுக்குப் பயிற்சி எந்நேரத்தில் என்று கேட்டாள். பலர் விலைப்பட்டியலை நீட்டினர். ஒரு பெண்மணி மட்டும் எங்களை உட்காரவைத்துப் பேசினார். கையும் வாயும் வழங்காத பிள்ளைகளுக்கான கருவி அவருடையது. கண்ணுக்குப் புலனாகாத அகச்சிவப்பு ஒளி விழியில் பட்டுத் திரும்புவதைக் கேமரா உணர்ந்து, பிள்ளை திரையில் நோக்கும் சொல் எதுவெனக் கண்டு, அதனை உரக்க ஒலிக்கிறது. பிள்ளையின் தலையை எவ்வாறு நிமிர்த்தி அமர்த்துவது, எத்தனை வாரம் பொறுமை வேண்டும் என்றே அவர் விளக்கினார். விலையை நாங்கள்தாம் கேட்டோம்.

மற்றோர் அரங்கில், அச்செழுத்தின்மேல் நகர்த்தினால் அச்சொல்லைச் செவியில் படித்துக் காட்டும் பேனா இருந்தது. வாசிப்பதில் இடர்ப்படும் பிள்ளைகள், அகராதி வசதி நீக்கப்பட்ட இத்தகைய பேனாவைப் பொதுத் தேர்வுக்கும் கொண்டுசெல்ல இங்கிலாந்தில் இசைவு உண்டு.

அன்றிரவே அவள் அறிக்கையை எழுதி முடித்தாள். சுவர்த்திரை வேண்டாம், பேனா ஆறு போதும், அவற்றைப் பழுதுபார்க்கத் தனியே ஒரு தொகை ஒதுக்குக. பேனா யார் யாருக்கு, எந்தப் பாடவேளையில் என்று ஓர் அட்டவணையும் இணைத்திருந்தாள். நான் ஊர் திரும்பும்வரை முடிவு தெரியவில்லை. பெற்றோர் சங்கத்தார் திரையையே விரும்புகின்றனர் என்று பின்னர்த் தொலைபேசியில் சொன்னாள்.