வானின் எழுத்தும் ஆய்வுச்சாலையின் அகராதியும்

விண்வெளியிலே ஒரு புதிய மூலக்கூறு கண்டறியப்பட்டதென்னும் செய்தி வருங்கால், மலையுச்சியில் நிற்கும் பெருந்தொலைநோக்கியையும் அதனைக் கையாண்ட வானநூலாரையும் நாம் வியந்து பாராட்டுகின்றோம். அப்பாராட்டுத் தகுதியுடையதே. எனினும், அக்கண்டுபிடிப்பிற் பாதி, வானையே நோக்காத ஓர் இரசாயனப் பரிசோதனைச் சாலையில் நிகழ்வதென்பதனை நாம் நினைப்பதில்லை. புகழிலும் பொருளுதவியிலும் அச்சாலைக்கு உரிய பங்கு அளிக்கப்படல் வேண்டுமென்பதே எமது துணிபு.

விண்மீன்களுக்கிடையேயுள்ள முகில்களினின்று ஒரு துளியேனும் கொணர்ந்து குப்பியிலிட்டுச் சோதித்தல் இயலாது. அங்கிருந்து ஒளியும் வானொலி அலைகளுமே நம்மை வந்தெய்துகின்றன. மூலக்கூறு எந்த வேகத்திலும் சுழல வல்லதன்று; படிக்கட்டில் ஏறியிறங்குவார் போலக் குறித்த சில நிலைகளிலேயே சுழலும். மேற்படியினின்று கீழ்ப்படிக்கு இறங்குங்கால், அவ்விடைவெளிக்கேற்ற அலையொன்றை வெளியிடும். அணுக்களின் எடையும் அவை அமைந்துள்ள முறையும் அவ்வலையின் அதிர்வெண்ணை நிர்ணயிப்பதால், ஒவ்வொரு மூலக்கூறுக்கும் தனக்கேயுரிய அலைத்தொகுதி உண்டு. ஆயினும் எழுத்தைக் காண்பது வேறு. அதன் பொருளுணர்வது வேறு. பொருளுணர அகராதி வேண்டும். இரசாயன நூலாரும், அவரோடு ஒத்துழைக்கும் பௌதிக நூலாருமே அவ்வகராதியைத் தொகுக்கின்றனர்.

இதற்குச் சரித்திரம் சான்று பகரும். ஓர் ஆக்ஸிஜன் அணுவும் ஒரு ஹைட்ரஜன் அணுவும் கூடிய ஹைட்ராக்ஸில் என்பதன் அலைகளை, டவுன்ஸ் முதலிய மூவர் 1959-இல் பரிசோதனைச் சாலையிலே நுட்பமாக அளந்தனர். வினாடிக்கு ஏறக்குறைய 167 கோடி அதிர்வுகள் என்பது அவர்கள் கண்ட அளவு. அவ்வெண்ணைத் துணைக்கொண்டு, வெயின்ரெப், பாரெட் முதலியோர் 1963-இல் காசியோப்பியா மண்டலத்தின் திசையில் அப்பொருளைக் கண்டனர். வானொலி அலைகளால் விண்வெளியிற் கண்டறியப்பட்ட முதல் மூலக்கூறு அதுவே. எங்குத் தேடவேண்டுமென்பது முன்னரே தெரிந்திருந்தமையால் தேடல் கைகூடியது.

அகராதி இல்லாவிடத்து நேர்வது யாது? 1970-இல் பூல், ஸ்னைடர் என்னும் இருவர், வினாடிக்கு ஏறக்குறைய 8,919 கோடி அதிர்வுகளையுடைய வலிய அலையொன்றை விண்முகில்களிற் கண்டனர். அறிந்த பொருள் எதனோடும் அது பொருந்தவில்லை; ஆதலின் ‘எக்ஸோஜன்’ எனப் பெயரிட்டு வைத்தனர். ஹார்வர்டிலிருந்த கிளெம்பரர் என்னும் இரசாயன நூலார், ஹைட்ரஜன், கார்பன், ஆக்ஸிஜன் ஆகியவற்றில் ஒவ்வோர் அணு கூடி நேர்மின்னேறிய மூலக்கூறே அதுவென அவ்வாண்டே கூறினார். அப்பொருளோ பிறவற்றுடன் விரைந்து கூடி அழியும் இயல்பினது. குப்பியில் அடைத்து வைத்தற்குரியதன்று. 1975-இல் விஸ்கான்ஸின் பல்கலைக்கழகத்திலே உட்ஸ் என்பாரும் அவர்தம் துணைவரும், ஹைட்ரஜனும் கார்பன் மோனாக்ஸைடும் கலந்த வாயுவில் மின்சாரத்தைச் செலுத்தி, அதனைத் தோற்றுவித்து அளந்தனர். அளவு ஒத்தது, ஐயம் அகன்றது.

இதனினும் நெடிய பொறுமையைக் காட்டுவது மற்றொன்று. விண்மீன்களின் ஒளிமாலையில் இன்னதென்று அறியாத அகன்ற கருங்கோடுகளை 1922-இல் மேரி லீ ஹேகர் வெளியிட்டார். அதன் பின் அத்தகையன நூற்றுக்கணக்கிற் காணப்பட்டன. 1985-இல், 60 கார்பன் அணுக்கள் பந்து வடிவாய்க் கூடிய மூலக்கூறு ஆய்வுச்சாலையிற் கண்டறியப்பட்டது. அது மின்னேறிய நிலையில் உண்டாக்கத்தக்க இரு கோடுகளை 1994-இல் ஃபுவான், எரன்ஃப்ராயண்ட் என்போர் வானிற் கண்டனர். ஆயினும் 2015-இல், பாஸல் நகரத்து மையர் குழுவினர் விண்முகிலை ஒத்த கடுங்குளிரில் அப்பொருளை அளந்த பின்னரே அக்கூற்று உறுதி பெற்றது.

‘கணிதத்தினாலேயே இவ்வளவுகளைப் பெறலாமே, பரிசோதனை எதற்கு?’ என்பார் உளர். கணிதம் வழிகாட்டும், மறுப்பதற்கில்லை. ஆனால், பல்லாயிரம் கோடுகள் நெருங்கி நிற்குமிடத்தில், சிறு பிழையும் ஒன்றை மற்றொன்றாகக் காட்டிவிடும். கிளைஸின் என்னும் அமினோ அமிலம் விண்முகில்களிற் காணப்பட்டதென 2003-இல் ஒரு குழுவினர் அறிவித்தனர். அஃது உண்மையாயின் உடன் காணப்பட வேண்டிய வேறு கோடுகள் காணப்படாமையால், 2005-இல் பிறர் அதனை மறுத்தனர். உயிரின் மூலப்பொருள்களைப் பற்றிய பெருங்கேள்வி ஈண்டு அடங்கியுள்ளது. இத்தகைய வழக்கில் நம்பிக்கை சாட்சியாகாது. நுட்பமான அளவே சாட்சி.

இற்றைநாளில் 300-க்கு மேற்பட்ட மூலக்கூறுகள் விண்வெளியிற் கண்டறியப்பட்டுள்ளன. சிலி நாட்டின் அட்டகாமா மேட்டுநிலத்தில் 66 அலைவாங்கிகள் ஒருங்கியங்கி வானை ஆராய்கின்றன. அவை கொணரும் கோடுகளுள் பெயரறியப்படாதனவும் பல. கண்ணைப் பெருக்கிக்கொண்டே போய் அகராதியை வளர்க்காது விடுதல், படிக்கத் தெரியாத மொழியில் நூல்களை வாங்கிக் குவிப்பதனை ஒக்கும். தொலைநோக்கிக்குப் பொருள் ஒதுக்குவோர், அதன் ஒரு பகுதியை அளவிடும் சாலைகளுக்கும் ஒதுக்குதல் நீதியாம்.

மாணவ நண்பர்காள்! பரிசோதனைச் சாலையில் ஒரே அளவைப் பன்முறை எடுத்துக் குறிப்பேட்டில் எழுதுங்கால், இது பயனற்ற சலிப்பென்று எண்ணற்க. ஹைட்ராக்ஸிலின் அளவு 4 ஆண்டுகளில் வானை எட்டியது. எக்ஸோஜன் 5 ஆண்டுகள் தனக்குரிய அளவுக்குக் காத்திருந்தது. நேர்மையாய் எடுத்த அளவு எந்நாளிலேனும் ஒருவருக்குப் பயன்படும், அது போதும்.