நத்தாருக்கு ஊருக்குப் போகிறவர்களுக்கு

டிசெம்பர் பிறந்துவிட்டால் இலண்டனிலும் டொரன்டோவிலும் பயண முகவர் நிலையங்களின் கண்ணாடிச் சன்னல்களில் இலங்கை தொங்கத் தொடங்கிவிடும். நீலக் கடல், சாய்ந்த தென்னை, கொளுத்தும் வெயில். "இந்த நத்தாரை வெப்பத் தீவில் கொண்டாடுங்கள்" என்ற அழைப்பு. பனியில் விறைத்துப்போன நம்மவர்களும் அதைக் கண்டு பயணச்சீட்டு எடுக்கிறார்கள். அதில் தவறேதும் இல்லை. ஆனால் அந்தப் படத்திலுள்ள தீவும் நமது தீவும் ஒன்றல்ல என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

அந்த வெயில் பெந்தோட்டைக்கும் ஹிக்கடுவைக்கும் உரியது. வடகிழக்குப் பருவமழையை மலைநாடு மறித்துக்கொள்வதால் தென்மேற்குக் கரையில் டிசெம்பர் வறண்டிருக்கும். மன்னாரிலோ அதுதான் மழைக்காலம். கட்டுக்கரைக்குளம் நிறைவதும் பெரும்போக வயல் பச்சை பிடிப்பதும் அப்போதுதான். புயலுக்கும் அதுவே பருவம். 1964 டிசெம்பர் 22ஆம் திகதி இரவு தனுஷ்கோடியை அழித்த புயல், மன்னார்க் கரையையும் விட்டுவைக்கவில்லை. நத்தாருக்கு மூன்று நாள் இருந்தது.

இந்தக் கரையில் உள்ளதுதான் விடத்தல்தீவு. பெயரில் தீவு இருந்தாலும் ஊர் பெருநிலத்தில் இருக்கிறது. விடத்தல் என்பது ஒரு முள்மரம். கண்டல்காடும் சேற்றுத்தரையும் ஆழமற்ற கடலும் சூழ்ந்த ஊர். கத்தோலிக்கர், இந்துக்கள், முஸ்லிம்கள் என மூன்று சமூகத்தாரும் அருகருகே வாழ்ந்த இடம்.

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்களை வெளியேற்றியபோது, இவ்வூர் முஸ்லிம்களும் வீடுவாசலை விட்டுப் போனார்கள். பின்னர் இவ்விடம் கடற்புலிகளின் தளமாக இருந்தது. 2008 ஜூலை 16ஆம் திகதி இராணுவம் அதைக் கைப்பற்றியது. அவ்வாண்டு நத்தாரன்று ஊர் இருந்தது, ஊரவர் இல்லை. போர் முடிந்த பிறகே அவர்கள் திரும்பினார்கள். ஆகவே அங்கே நத்தார் என்பது உல்லாசமன்று, கலைந்தவர்கள் கூடுவது. பாலன் குடிலுக்கு முன்னால் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பதே ஊரின் கணக்கு.

வெளிநாட்டிலிருந்து வரும் நம்மவர் அந்தக் கணக்கில் எவ்வளவு நேரம் சேர்கிறார்கள்? தெற்குக் கடற்கரை ஹோட்டலில் பத்து நாள். ஊரில் ஒரு பிற்பகல். வாடகை வாகனம் வரும். இனிப்புப் பெட்டியும் சட்டைத்துணியும் இறங்கும். கோவில் முன்னால் படம் எடுப்பார்கள். பொழுது சாய்வதற்குள் வாகனம் திரும்பிவிடும். "பிள்ளைகளுக்கு நுளம்பு ஒத்துக்கொள்ளாது" என்பார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு ஊர் ஒரு படமாகவே எஞ்சும்.

இதை உணர்ச்சிக்காக மட்டும் சொல்லவில்லை. 2016இல் விடத்தல்தீவைச் சூழ்ந்த கண்டல்காடும் கடற்பரப்புமாக ஏறத்தாழ 29,000 ஹெக்டேர் இயற்கை ஒதுக்கமாக அறிவிக்கப்பட்டது. மீன்குஞ்சும் நண்டும் இறாலும் வளரும் தொட்டில் அது. 2024 மே மாதத்தில் அதிலிருந்து 168 ஹெக்டேரை நீர்வாழ் உயிரின வளர்ப்புக்கென விடுவித்து வர்த்தமானி வெளியாயிற்று. சூழலியலாளர்கள் வழக்குத் தொடுத்தார்கள். உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. ஆனாலும், ஒருமுறை கைவைக்கத் துணிந்த இடத்தில் மறுமுறை கைவைக்கத் தயங்கமாட்டார்கள்.

இறால் பண்ணை வேலைவாய்ப்புத் தரும் என்பது எதிர்வாதம். புத்தளத்தைப் பாருங்கள். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் கண்டலை வெட்டிக் குளங்கள் தோண்டினார்கள். வெண்புள்ளி நோய் வந்தது. பல குளங்கள் கைவிடப்பட்டன. பண்ணை போனது, காடும் திரும்பவில்லை. பண்ணைக்காரர் வேறு தொழிலுக்குப் போகலாம். களங்கட்டியும் சிறுவலை வீசியும் வாழ்பவர் எங்கே போவார்?

யாரும் பார்க்காத நிலத்தைத்தான் "பயன்படாத நிலம்" என்று கோப்பில் எழுதுவது எளிது. ஐம்பதாண்டுப் பத்திரிகை வாசிப்பு எனக்குக் கற்பித்தது இது. கண்டு பழகியவர்கள் பலர் இருந்தால், அப்படி எழுதும் கை சற்றே தயங்கும்.

உண்மையில் வெப்பத் தீவை நாடி மார்கழியில் மன்னாருக்கு வருபவை வலசைப் பறவைகளே. வடதேசக் குளிருக்குத் தப்பி ஆயிரமாயிரமாக வந்து, பங்குனி வரை இருந்து, அந்தச் சேற்றில் இரை தேடிப் போகின்றன. அவை ஒரு பிற்பகலுக்கு வருவதில்லை.

எனவே அன்பர்களே, இம்முறை ஹோட்டல் நாட்களில் மூன்றையாவது ஊருக்குத் தாருங்கள். மழை பெய்யும், குடை கொண்டு போங்கள். நள்ளிரவுப் பூசைக்கு நனைந்துகொண்டே நடவுங்கள். நண்டை உணவகத்தில் அல்ல, வள்ளம் கரைசேரும் இடத்தில் பிடித்தவரிடமே காசு கொடுத்து வாங்குங்கள். பிள்ளைகளுக்குக் கண்டல் வேரைத் தொட்டுக் காட்டுங்கள். புத்தளத்திலிருந்து மீண்டு வந்த முஸ்லிம் அயலவர் இருந்தால், அவர் வீட்டுக்கும் ஒரு தட்டுப் பலகாரம் அனுப்புங்கள்.

வெயில் எங்கும் கிடைக்கும். காத்திருக்கும் ஊர் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை.