ஒரு அடி விழுந்தா எழவே முடியாதா? ஃபைட்டிங் கேம் 'காம்போ' பஞ்சாயத்து என்ன?

முதல் அடி விழுந்து சுதாரிக்கும் முன்பே அடுத்த அடி. நடுவில் எந்த பட்டனைத் தட்டினாலும் வேலைக்கு ஆகாது. ஃபைட்டிங் கேமில் இதுதான் 'காம்போ'. இது திறமையா, அநியாயமா?

எப்படி வந்தது?
1991-ல் வந்த 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2' கேமில் காம்போ திட்டமிட்டு வைத்ததே இல்லை. தயாரிப்பின்போது தெரியவந்த கோளாறை கேப்காம் நிறுவனம் அப்படியே விட்டது. அதுவே ஆட்டத்தின் உயிரானது.

சிக்கல் எங்கே?
முடிவே இல்லாத காம்போவில்தான். 1994-ல் 'கில்லர் இன்ஸ்டிங்ட்', காம்போவை நடுவில் உடைக்க வழி தந்தது. 2012-ல் 'ஸ்கல்கேர்ள்ஸ்', ஒரே அடிவரிசை திரும்பத் திரும்ப வந்தால் கண்டுபிடித்து, அடி வாங்குபவர் தப்பிக்க வாய்ப்பு கொடுத்தது. பல கேம்களில் காம்போ நீள நீள அடியின் வலு குறையும்.

இப்போ ஏன் முக்கியம்?
2023-ல் நடந்த ஹாங்சோ ஆசிய விளையாட்டில் 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 5' பதக்கப் போட்டி. இந்திய வீரர்களும் களமிறங்கினர். 2025 ஆன்லைன் கேமிங் சட்டமும் இ-ஸ்போர்ட்ஸை அங்கீகரித்துள்ளது. இனி பாரிவாக்கத்தில் ஆடுற பசங்களுக்கும் இது வெறும் பொழுதுபோக்கு இல்லை.

அப்போ எது நியாயம்?
கேம் அனுமதிப்பதைச் செய்வது மோசடி ஆகாது. முதல் அடியைத் தடுக்க வாய்ப்பு இருந்ததா? விழுந்த அடி எப்போதாவது நிற்குமா? இரண்டுக்கும் 'ஆமாம்' என்றால் அது திறமை. 'இல்லை' என்றால், திருத்த வேண்டியது ஆடுபவரை இல்லை, கேமைத்தான்!